உயரம்: நூற்றிருபது பிக்சல்

பத்தூமித் துறைமுகம், எடைமேடை அறை,
இரவு ஷிப்ட்.
வெளியே மழை. இந்த ஊரில் அது செய்தி இல்லை.
ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவே
கால்மணி கிடைக்கும், சிலநாள் அரைமணி.
அதில்தான் நான் ஒரு ஹோட்டல் கட்டினேன்.

இல்லாத ஹோட்டல்.
வகுப்பில் பயிற்சிக்கு ஒரு பக்கம் செய்யச் சொன்னார்கள்.
மேலே யாரோ எடுத்த கடல்,
கீழே மூன்று பெட்டிகளில் மூன்று அறைகள்,
'முன்பதிவு செய்க' என்று ஒரு பச்சைப் பட்டன்.
அழுத்தினால் ஒன்றும் ஆகாது.

முதல் பெட்டியில் பால்கனியைப் பற்றி எழுதினேன்.
இரண்டாவதில் காலை உணவு: நடுவில் முட்டை மிதக்கும் படகு ரொட்டி.
மூன்றாவதற்கு வார்த்தை வரவில்லை.
வாசலில் ஹாரன் அடித்தான் ஒருவன்.
அவசரத்தில், போனில் இருந்த ஒரு செய்தியை
அப்படியே எடுத்து ஒட்டிவிட்டேன்.
நேப்பிள்ஸிலிருந்து லாம்ஸிரா அனுப்பியது.
என் மனைவி. நான்கு வருடமாக அங்கே
யாருடைய அப்பாவையோ குளிப்பாட்டித் தூங்கவைக்கிறாள்.
மூன்று மாதமாக நான் பதில் போடாத செய்தி.
இடம் நிரப்பத்தானே, யார் படிக்கப்போகிறார்கள்?

படித்தார்கள்.

ஒருவர் செய்ததை மற்றவர் பார்த்துக் குறை சொல்வது
எங்கள் வகுப்பின் விதி.
தெமூரி 'சூப்பர்' என்று எழுதிவிட்டு ஓடிவிட்டான்.
அவனுக்கு நானும் அதையே எழுதியிருந்தேன்,
கணக்கு நேர்.
வெள்ளையின் மேல் வெளிர்சாம்பல் எழுத்தா,
பூனைதான் படிக்கும் என்றாள் எத்தேரி.
ஒருநாள் முழுக்கக் கோபமாக இருந்துவிட்டுக்
கறுப்பாக்கினேன்.

பிறகு க்வான்ட்சா.
ருஸ்தவியில் எஃகு ஆலை கேன்டீனில் வேலை,
கையகலப் போன், அதிலும் விரிசல்.
"மூன்றாம் அறையில் வாக்கியம் பாதியில் நிற்கிறது.
'நான் திரும்பி வர' வரைக்கும்தான் தெரிகிறது.
வர, அப்புறம் என்ன?
ஆசையா, வழியில்லையா?
பஸ்ஸை விட்டு இறங்கும்வரை அதே யோசனை."

எத்தேரியின் டேப்லெட் கொஞ்சம் அகலம்.
"எனக்குத் தெரிகிறதே:
'நான் திரும்பி வரமாட்டேன்'.
ஹோட்டல் விளம்பரத்தில் இதையா போடுவார்கள், நுக்ரி?"

என் ஸ்க்ரீனில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.
என் ஸ்க்ரீனில் எப்போதும்
எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

நிரலைத் திறந்தேன்.
உயரம்: நூற்றிருபது பிக்சல். நான் போட்டது.
வழிந்தால் மறை. அதுவும் நான் போட்டது.
மூன்று பெட்டியும் ஒரே மட்டமாக நிற்கட்டும் என்று.

லாரியைச் சரக்கோடு ஒருமுறை நிறுத்துவோம்,
இறக்கிய பிறகு ஒருமுறை.
கழித்துக் கழித்தே சோறு தின்றவன் நான்.
அந்த இரண்டு வரிகளையும் கழித்தேன்.

பெட்டி தானாக இறங்கி வந்தது,
மற்ற இரண்டையும் விட நான்கு வரி கீழே,
சட்டைக்கு அடியில் தெரியும் பனியனைப் போல:

'நான் திரும்பி வரமாட்டேன் என்று
சொல்லவில்லை, நுக்ரி.
எப்போது என்று கேட்காதே என்றுதான் சொல்கிறேன்.
கூரையைப் பார்த்துக்கொள்.'

இதை நான் முன்பே படித்திருக்கிறேன்.
இரண்டாம் வரிக்கு வருவதற்குள்
போனைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

அதிகாலையில் க்வான்ட்சா மறுபடி எழுதினாள்:
"இப்போது முழுதாகத் தெரிகிறது.
வரிசை கோணல், பரவாயில்லை.
ஆனால் அந்தப் பச்சைப் பட்டனை
பத்துத்தடவை அழுத்திவிட்டேன்."

பார்க்கிறேன் என்று அவளுக்கு ஒரு வரி.
கூரை நன்றாக இருக்கிறது என்று
நேப்பிள்ஸுக்கு ஒரு வரி,
அனுப்பும்முன் அழித்துவிட்டு,
வாளி வைத்திருக்கிறேன் என்று எழுதினேன்.